ரத்லாம் வழக்கும் நம் காலனி வாய்க்காலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளையும் கம்பனையும் பற்றிப் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. அதற்குத் தக்க புலமை உடையோர் நமக்குப் பின்னர்ப் பேச இருக்கின்றனர். மெட்ரிக் தேறியவுடன் இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலந்தள்ளிய நமக்குத் தெரிந்தது காகிதம் ஒன்றே. ஆகவே ஒரு காகிதத்தைப் பற்றியே பேச முற்படுகிறோம். அது நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. அது பேசுவதோ சாக்கடையைப் பற்றி. மங்கல நாளில் இது என்ன பேச்சு என்று தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. காரணம் இருக்கிறது.

சற்று முன் இம்மேடையில் கோலாட்டம் ஆடிய சிறுமியருள் ஒருத்தி, சென்ற ஆவணித் திங்களில் இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். அன்று ஓர் இரவு பெய்த மழையில், கீழ்ப்புற மதிலுக்கு அப்பால் ஓடும் வாய்க்கால் பெருகி, குடிநீர்க் குழாய் செல்லும் பள்ளத்தில் மூன்று நாள் தேங்கி நின்றதை நாம் அனைவரும் கண்டோம். அதன்பின் நம் வரிசையில் வீடு தவறாமல் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அச்சிறுமிக்கு டைபாய்டு என்றனர் மருத்துவர். காய்ச்சல் இறங்காத இரவுகளில் அவள் தாயார் உறங்கவில்லை. அடுத்த வீட்டாராகிய நாமும் உறங்கவில்லை. இன்று அவள் கோலை வீசி ஆடியபோது நம்முள் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தோம்.

அந்த வாய்க்காலைத் தூர் வாருமாறு நாம் எழுதிய கடிதங்கள் மூன்று. மதிலுக்கு இப்பால் பொறுப்புடையோர் அப்பால் உள்ளோரைச் சுட்டினர். அப்பால் உள்ளோர் இப்பால் உள்ளோரைச் சுட்டினர். மூன்றாவது கடிதத்திற்கு வந்த மறுமொழி ஒரே வரி: இவ்வாண்டில் நிதி ஒதுக்கீடு இல்லை. இப்படிப்பட்ட வரிகளை நாமே பலருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறோம். ஆதலால் அதன் பொருள் நமக்கு நன்கு விளங்கிற்று.

இப்போது காலனிக் குழுவினர் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்க எண்ணியுள்ளனர். அதன் வரைவைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கொடுத்தனர். அதில் நான்கு கோரிக்கைகள். முதல் இரண்டும் வாய்க்காலைப் பற்றியவை. நான்காவது குழாயைப் பற்றியது. மூன்றாவது, வாய்க்காலின் அக்கரையில் வாழும் குடிசைவாசிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்பது. அந்த மூன்றாவதன்மீது நம் பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் ரத்லாம் நினைவுக்கு வந்தது.

ரத்லாம் நமக்குப் புதிய ஊரன்று. மத்தியப் பிரதேசத்தில், மேற்கு இரயில்வேயின் ஒரு கோட்டத் தலைமையிடம். அங்கே பணியாற்றி மாற்றலாகி வந்தோர் இவ்வவையிலும் இருக்கின்றனர். அந்நகரின் 12-ஆம் வார்டில், நியூ ரோடு என்னும் பகுதியை ஒட்டி வாழ்ந்தவர்கள் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தினரும் கடைக்காரர்களுமே. திறந்த சாக்கடை, எரிசாராய ஆலை ஒன்றிலிருந்து தெருவில் ஓடிவந்த நாற்ற நீர், கழிப்பிடம் இன்மையால் சாலையோரத்தையே நாடிய சேரி மக்கள், கொசு. நகராட்சியிடம் முறையிட்டுப் பயனின்றி, அவர்கள் உட்பிரிவு மாஜிஸ்திரேட்டிடம் சென்றனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றுமாறு ஆணையிடும் அதிகாரத்தை அவருக்கு அளித்திருந்தது. அவரும் ஆறு மாதத்திற்குள் திட்டம் வகுக்குமாறு நகராட்சிக்கு ஆணையிட்டார்.

நகராட்சி என்ன செய்தது? சாக்கடையைக் கட்டுவதற்கு மாறாக மேன்முறையீட்டைக் கட்டியது! செஷன்ஸ் நீதிமன்றத்தில் வென்றது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. விடாமல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே அது சொன்ன மறுமொழிகளுள் முதன்மையானது எது தெரியுமா? நிதி இல்லை என்பதே.

1980-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், உடன் அமர்ந்தவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. (கிருஷ்ண ஐயரின் குடும்பம் பாலக்காட்டைச் சேர்ந்தது, 1952-இல் சென்னைச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். இதைச் சொல்லாமல் விட்டால் நம் பாலக்காட்டு அன்பர்கள் வருந்துவர்.) பணமில்லை என்று கூறி, சட்டம் விதித்த கடமையினின்று ஒரு நகராட்சி தப்ப முடியாது என்றார் அவர். துப்புரவுக்குச் செலவிடுவது மருத்துவமனைச் செலவில் மிச்சமாகும் என்றும் நினைவூட்டினார். ஆடம்பர வேலைகளைக் குறைத்துக்கொண்டு பணத்தைத் தேடுக என்பது அவர் கருத்து.

அன்பர்களே! குமாஸ்தாவின் கண் கொண்டு அந்த ஆணையைப் படித்துப் பார்த்தோம், மகிழ்ந்தோம். தக்க நடவடிக்கை எடுக்கப்படவேண்டும் என்று பொதுப்பட எழுதிக் கோப்பை மூடும் ஆணையன்று அது. ஆலைக் கழிவு தெருவுக்கு வருவதை உடனே நிறுத்துக, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே பொதுக் கழிப்பிடங்களை ஆறு மாதத்தில் கட்டுக, அவற்றிற்குத் தண்ணீர் தருக, காலையும் மாலையும் துப்புரவு செய்க, முடிந்ததும் சுகாதார அதிகாரி அறிக்கை தருக, 12-ஆம் வார்டில் கொசு உற்பத்தியை நிறுத்துமாறு மலேரியா ஒழிப்புப் பிரிவினருக்கு மாநில அரசு சொல்லுக, குழிகளை மூடுக, மாஜிஸ்திரேட் கண்காணிக்க. எந்த வேலை, எவர் செய்வது, எவரிடம் அறிக்கை தருவது என்பதெல்லாம் அதில் உள்ளன. திரும்பி வரவேண்டிய தேதி குறிக்காத கோப்பு திரும்பி வராது என்பதை நம் அலுவலகப் பையன்கூட அறிவான்.

நம் பேனா நின்ற இடத்திற்கு இப்போது வருகிறோம். ரத்லாம் மக்கள் தந்த முறையீட்டில் சேரிவாசிகளின் அசுத்தமும் ஒரு குறையாகவே சொல்லப்பட்டிருந்தது. அவர்களை விரட்டுக என்று நீதிபதி எழுதினாரா? இல்லை. கழிப்பிடம் கட்டித்தராத நகராட்சியின் தவறே அவ்வேழைகளைத் தெருவோரத்திற்குத் தள்ளிற்று என்று எழுதினார். முறையிட்டவருக்கும் முறையீட்டுக்கு உள்ளானவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்.

நீதிமன்றங்கள் எப்போதும் இவ்வாறே செய்துவந்தன என்று சொல்வதற்கில்லை. யமுனையின் கரைகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2003-இல் ஆணையிட்டது. 2004-இல் யமுனா புஷ்தா என்னும் பகுதியில் பல்லாயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆறு தூய்மை அடைந்ததா என்பதைத் தில்லி சென்று வந்தோர் சொல்லட்டும். சுற்றுப்புறத் தூய்மை என்னும் ஒரே சொல்லைக் கொண்டு ஒரு நீதிமன்றம் கழிப்பிடம் கட்டச் செய்தது. மற்றொன்றின் ஆணையால் குடிசைகள் இடிந்தன. நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தும் அது அமைகிறது.

ஆணை பிறந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் தாயகத்திலேயே சான்று உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து அன்பர்களுக்குப் பாலாற்றின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை அது நம் நாட்டுச் சட்டமாக்கிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஒரு பகுதியோ பாழானதையும், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. இருந்தும், இழப்பீடு பெறாதோர்க்கு அதை வழங்குமாறும், ஆற்றை மீட்குமாறும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. இடையே சென்றவை 28 ஆண்டுகள். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை இன்று பிள்ளை பெற்றிருக்கும்.

இனி வானத்தைப் பற்றியும் ஒரு சொல். காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கவல்லது என்பர் அறிவியலார். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய மழைக்கென வெட்டிய வாய்க்கால் புதிய மழையைத் தாங்குமா? 2017-இல் உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய அளவு செயல்படவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டினாள். 2019-இல் தீர்ப்பாயம் அம்மனுவைத் தள்ளிவிட்டது. ஆனால் 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீங்குகளினின்று காக்கப்படுதல் அரசியல் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகள் அளிக்கும் உரிமைகளுள் அடங்கும் என்று அறிவித்தது. அந்த வழக்கும் விந்தையானது. இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அருகிவரும் கானமயில், மின்கம்பிகளில் மோதி மடிகிறது. அக்கம்பிகளோ சூரிய ஒளியில் விளையும் மின்சாரத்தைக் கொண்டுவருவன. பறவையும் வேண்டும், கரியில்லாத மின்சாரமும் வேண்டும். நீதிமன்றம் இரண்டையும் நிறுத்துப் பார்த்து, வழி காணும் பொறுப்பை வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. உரிமை என்று சொல்லிவிட்டார்கள். அது நம் கீழ்ப்புற மதிலருகே வந்து சேர வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அக்கரைக் குடிசைகள், அடுத்து நாம்.

பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் தம்பி இந்த வம்பு?" என்றார். அவரிடம் நாம் கொண்ட மதிப்புப் பெரிது. ஆயினும் சட்டம் மனுதாரரின் சொந்த ஊரைக் கேட்பதில்லை. பழைய 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து புதிய நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவாக இருந்துவருகிறது. காவலரின் அறிக்கையோ பிற தகவலோ கிடைத்தால் மாஜிஸ்திரேட் செயல்படலாம். தகவல் தருவோர் எம்மொழி பேசினால் என்ன? உத்தியோகத்தில் இருப்போர் கையொப்பமிடத் தயங்கினால், ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசிகளும் இடலாம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சியவர்கள் அவர்களே அல்லரோ? இங்கே வழி அடைத்தால் போபாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் சிக்கல் எழுந்த ஆறு மாதத்திற்குள் செல்ல வேண்டும் என்பது பொது விதி. ஆவணியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைப்பது முறையன்று. பொங்கலுக்கு மறுநாள் கரும்புச் சக்கையும் வாழையிலையும் மதிலுக்கு அப்பால் எங்கே போயின? இதைச் சொல்லும் நாமும் வீசியதுண்டு. சுற்றுப்புறத்தைப் பேணுதல் குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் காட்டப்போவது நம் இலைகளைத்தான். ஆகவே மனுக் கொடுக்கும் முன்பே, வரும் ஞாயிறன்று மதிலோரத்தை நாமே துப்புரவு செய்வதென்று குழுவினர் இசைந்துள்ளனர். மண்வெட்டி உடையோர் கொண்டு வருக.

மூன்றாவது கோரிக்கையை நாம் அடித்துவிட்டோம். அந்த இடத்தில், அக்கரை மக்களுக்கு ஆண்-பெண் தனித்தனிக் கழிப்பிடமும் தண்ணீரும் தருக என்று எழுதியிருக்கிறோம். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் பெண்கள் அங்கிருந்தே வருகின்றனர். விடியுமுன் இருட்டில் அவர்கள் ஒதுங்கப் போவதை, முதல் ஷிப்டுக்குச் செல்லும் நாம் கண்டும் காணாததுபோல் நடந்திருக்கிறோம். அவர்களும் மனுவில் கையொப்பம் இட இசைந்துள்ளனர். குழுவினருள் இருவர்க்கு இம்மாற்றத்தில் உடன்பாடில்லை. அவர்கள் கருத்தையும் கேட்டபின் அவையோர் முடிவு செய்க.

மனுவின் இந்திப் படியும் தமிழ்ப் படியும் வாயிலருகே மேசையில் உள்ளன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே தேதி இட்டிருக்கிறோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். ஆதலால் சாப்பாடு முடிந்து கிளம்புமுன் படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் கையொப்பம் இடுக. பேனாவை நூலால் மேசைக்காலில் கட்டி வைத்திருக்கிறோம். அலுவலகப் பழக்கம், பொறுத்தருள வேண்டும்.