புழுவுக்கும் நோய் வரும்

அந்தமான் தீவுகளில் மக்காச்சோளம் பயிரிடும் சகோதர சகோதரிகளே!

மக்காச்சோளத்தின் பெரிய எதிரி படைப்புழு. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 2016இல் இது ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குப் பரவியது. கடல் கடந்து இலங்கையிலும் நுழைந்தது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் வயல் வயலாகப் பயிர் பாழானது. கடன் வாங்கி விதைத்தவர்கள் கலங்கிப் போனார்கள். சுற்றிலும் கடல் இருக்கிறது, இங்கே வராது என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது.

இந்தப் புழுவை எப்படி அடையாளம் காண்பது? அதன் தலையில் வெள்ளைக் கோடு இருக்கும். கவட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்தது போல் அது தெரியும். வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும்.

புழு குருத்துக்குள் ஒளிந்துகொண்டு தின்னும். அதன் எச்சம் மரத்தூள் போல் குருத்தை அடைக்கும். அதனால் மேலே அடிக்கும் விஷ மருந்து உள்ளே சரியாகச் சேராது. மழை பெய்தால் அந்த விஷம் ஓடைக்குப் போகும். நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

வேறு வழி உண்டா? உண்டு. மனிதருக்கு நோய் வருவது போல் புழுவுக்கும் நோய் வரும். இத்தாலியில் பட்டுப்புழுக்கள் ஒரு நோயால் செத்தன. அதற்குக் காரணம் ஒரு பூசணம் என்று அகஸ்தினோ பாஸி என்பவர் 1835இல் காட்டினார். பட்டுப்புழு வளர்த்தவர்களுக்குப் பகையானது, பயிர் வளர்ப்பவர்களுக்குத் துணையானது.

மெட்டாரைசியம் என்பது அப்படிப்பட்ட ஒரு பூசணம். தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்ல எருக்குழியில் இடுவது இதைத்தான். இதன் வித்துக்கள் புழுவின் தோலில் ஒட்டும். ஈரம் கிடைத்தால் முளைக்கும். தோலைத் துளைத்து உள்ளே வளரும். புழு செத்து விறைத்துப் போகும். அதன் மேல் முதலில் வெள்ளையாகவும் பிறகு பச்சையாகவும் பூக்கும். அந்த வித்துக்கள் அடுத்த புழுவுக்குப் பரவும். மே முதல் டிசம்பர் வரை ஈரக்காற்று வீசும் இந்தத் தீவுகள் பூசணத்துக்கு ஏற்றவை.

பயன்படுத்தும் முறை இதுதான். விதைத்த 15 முதல் 25 நாட்களுக்குள் அடிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் தூள் போதும். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். குருத்துக்குள் படும்படி மாலையில் அடிக்க வேண்டும். 10 நாள் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். கொட்டும் மழையில் அடிக்கக் கூடாது. பூசணக் கொல்லி மருந்தோடு கலக்கக் கூடாது. மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. அடித்த மறுநாளே புழு சாகாது. சில நாட்கள் ஆகும். புழு பெரிதான பிறகு அடித்தால் பலன் குறைவு. ஆகவே வாரம் இரண்டு முறை வயலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இலையில் முட்டைக் குவியல் கண்டால் கையால் நசுக்கிவிட வேண்டும்.

பூசணத்துக்கு உயிர் உண்டு. வெயிலில் வைத்தால் செத்துவிடும். நாள் கடந்தாலும் வீணாகிவிடும். ஆகவே வாங்கும்போது பொட்டலத்தின் மேல் உள்ள தேதியைப் படியுங்கள். கடைக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறை அலுவலரைக் கேளுங்கள்.