"தெரியவில்லை" என்பதற்குப் பயப்படலாமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பயம் என்பதாகும். பேய்க்குப் பயப்படுவதைப் பற்றியும், சகுனத்திற்குப் பயப்படுவதைப் பற்றியும் இம்மாதிரிக் கூட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். நீங்களும் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் இன்று பேசப் போவது அந்தப் பயமல்ல. உண்மையாகவே ஒரு காரணம் இருந்து உண்டாகும் பயத்தைப் பற்றியதாகும். அதாவது, "இது புற்று நோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, முடிவு வருகிற வரையில் ஒரு மனிதன் எப்படிக் காலந்தள்ளுவது என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நாம் டாக்டருமல்ல, பெரிய படிப்புப் படித்தவருமல்ல. நமக்குள்ள யோக்கியதை ஒன்றே ஒன்றுதான். நமது நாக்கின் ஓரத்தில் ஒரு புண் உண்டாகி, ஒரு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டர் அதில் சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். எட்டாம் நாள் வந்த பதிலில், "நிச்சயமாகச் சொல்வதற்கில்லை, இன்னும் ஆழமாக எடுத்து அனுப்பவும்" என்று கண்டிருந்தது. இரண்டாந்தரமும் எடுத்தாய்விட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லுகிறார்கள். ஆகவே, இப்போது உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கும் இந்த நாக்கின் தலைவிதி இன்னதென்று நமக்கே தெரியாது. பார்த்தீர்களா! தலைவிதி என்ற வார்த்தை நம் வாயிலேயே வந்துவிட்டது. பழக்கதோஷம் அவ்வளவு லேசில் போவதில்லை.

தோழர்களே! முதலில் ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் பயந்தோம். இருபது வருஷ காலமாக மேடைகளில் தைரியம் பேசிய நாம், டாக்டர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவுடன் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டோம். ஐந்து நாள் வரை வீட்டு அம்மாளுக்குக் கூடச் சொல்லவில்லை. இராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கைபேசியை வைத்துக்கொண்டு, புற்று நோயைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று விடியும் வரை தேடினோம். தேடத் தேடப் பயம்தான் வளர்ந்ததே ஒழிய, புண்ணைப் பற்றி ஒரு எழுத்தாவது அதிகம் தெரியவில்லை.

பிறகு சங்கதி வெளியாயிற்று. நமது தாயார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கப் புறப்பட்டார்கள். ஒரு உறவினர் ஜாதகத்தைக் கேட்டார். அவர் ஒரு ஜோசியரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "இது அஷ்டமத்துச் சனி, மூன்று மாதத்தில் விலகிவிடும், பரிகாரம் செய்தால் போதும்" என்று நிச்சயமாகச் சொன்னார். தோழர்களே! அன்றிரவு நமக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? "செய்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கெட்டுவிடும்?" என்று தோன்றிற்று. வெட்கத்தோடுதான் சொல்லுகிறோம்.

ஏன் அப்படித் தோன்றிற்று என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். டாக்டர் "தெரியவில்லை" என்றார். ஜோசியர் "தெரியும்" என்றார். பயந்த மனம் தெரியும் என்பவனிடந்தான் ஓடும். அவன் சொல்வது பொய்யாயிருந்தாலும் சரி, நிச்சயமாகச் சொன்னால் போதும் என்றிருக்கும். மனிதனுக்கு நோயைவிட அதிகத் தொந்தரவு கொடுப்பது இந்தத் "தெரியவில்லை" என்பதுதான். இந்த இடத்தைப் பார்த்துத்தான் புரட்டர்கள் கடை வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தத் "தெரியவில்லை" என்ற பதில் எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். சோதனைச்சாலையில் வேலை செய்யும் ஒரு தோழரை விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். வெட்டியெடுத்த சதையை முதலில் பார்மலின் என்ற மருந்து நீரில் போட்டு அழுகாமல் காக்கிறார்கள். பிறகு அதிலுள்ள நீரை நீக்கி, மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். அந்தக் கட்டியை ஒரு யந்திரத்தில் வைத்துச் சீவுகிறார்கள். ஒரு சீவலின் கனம் ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் அதில் 4 பங்கு இருக்கும். அதைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, நீலமும் சிவப்புமான இரண்டு சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார்கள். நம் உடல் முழுவதும் செல் என்னும் கண்ணுக்குத் தெரியாத அறைகளாலானது. அவை ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா, உருமாறியிருக்கின்றனவா, மேல் தோலின் எல்லையைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டனவா என்று பார்த்துத்தான் முடிவு சொல்லுகிறார்கள். ஒரு செல் மற்றொரு செல்லிலிருந்துதான் உண்டாகிறது, வியாதியின் மூலமும் செல்லில்தான் என்று 1858-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து விர்ஹோ என்ற பேராசிரியர் விளக்கிக் காட்டினார். அன்று முதல் இந்த வழியில்தான் பார்த்து வருகிறார்கள்.

இதில் எடுத்த துண்டு மிகச் சிறியதாயிருந்தாலும், மேலாக மட்டும் எடுத்திருந்தாலும், புண் அழன்று வீங்கியிருந்தாலும் பார்வைக்குத் தெளிவு கிடைக்காது. அப்போது யோக்கியமான நிபுணர் என்ன செய்வார்? "எனக்குத் தெரியவில்லை, மறுபடி அனுப்புங்கள்" என்று கையெழுத்துப் போடுவார். ஆகவே அந்தப் பதில் அறியாமையல்ல. அதுதான் அறிவு நாணயம். கண்ணால் பார்த்த நிபுணர் தெரியவில்லை என்கிறார். புண்ணைப் பார்க்காத ஜோசியர் தெரியும் என்கிறார். இவர்களில் யாரை நம்பி உயிரைக் கொடுப்பது?

அன்றியும், முடிவு இன்னும் நமக்குத் தெரியாதே ஒழிய, அதற்கான உண்மை அந்த மெழுகுக் கட்டியில் இப்போதே இருக்கிறது. நாம் அழுவதாலும், நேர்ந்துகொள்வதாலும், தூக்கம் விழிப்பதாலும் அதில் ஒரு செல்கூட மாறப் போவதில்லை. ஒரு உறவினர், "செவ்வாய்க்கிழமை ஆகாது, புதன்கிழமை போய் வாங்கு" என்கிறார். செவ்வாய்க்கிழமை புற்றாயிருப்பது புதன்கிழமை கொப்புளமாகிவிடுமா?

பரிகாரத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டோமல்லவா? கெடுவது இதுதான். "சனி விலகிவிடும்" என்று நம்பியவன் சோதனை முடிவை வாங்கப் போவதில்லை. வாய்ப் புற்றை ஆரம்பத்தில் கண்டால் அறுவையாலும், கதிர் வைத்தியத்தாலும் குணப்படுத்த இடமுண்டு. மூன்று மாதம் பரிகாரம் செய்துவிட்டு வந்தால் அந்த இடம் குறுகிவிடும். ஆகவே பயப்படுவது குற்றமல்ல. பயத்தின் கையில் கடிவாளத்தைக் கொடுப்பதுதான் குற்றம்.

காரணந் தேட நமக்கு ஜாதகமும் வேண்டியதில்லை. மடியிலிருக்கும் வெற்றிலைப் பையைத் தேடினால் போதும். கூட்டத்துக்குக் கூட்டம் புகையிலை அடக்கிக்கொண்டு பகுத்தறிவு பேசியவர்தான் நாம். புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்று நோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ம் வருஷமே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அந்தப் பையை எறிந்துவிட்டோம். ஆனால் புகையிலையே தொடாதவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆகவே நோயாளியைப் பார்த்துப் பாவம் செய்தவன் என்பதும், கர்மபலன் என்பதும் அக்கிரமமாகும். இது தொட்டால் ஒட்டும் வியாதியுமல்ல. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டியதில்லை.

இனி, இந்த நாட்களை எப்படிக் கழிக்கிறோம் என்று சொல்லுகிறோம். முதலாவது, வீட்டு அம்மாளிடம் முழுவதையும் சொல்லிவிட்டோம். பாதிப் பாரம் அன்றே குறைந்தது. செவ்வாய்க்கிழமை அவரும் கூட வருகிறார். நம் காது பயத்தில் கேளாததை அவர் கேட்டுக்கொள்வார். இரண்டாவது, டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாவது, இராத்திரியில் கைபேசியைத் தொடுவதில்லை. நான்காவது, வேலையை நிறுத்தவில்லை. இந்தக் கூட்டத்திற்கு வந்ததும் அதற்காகத்தான். இவ்வளவும் செய்தும் விடியற்காலை நான்கு மணிக்குப் பயம் வருகிறது. வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, "நீ இருந்துகொள், செவ்வாய்க்கிழமை நான் போவேன்" என்று சொல்லிக்கொள்ளுகிறோம்.

சுற்றத்தாருக்கும் ஒரு வார்த்தை. "ஒன்றுமிராது, தைரியமாயிரு" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் ஒருவித ஜோசியந்தான். "நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதுதான் உதவி.

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923-ல் தமது தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தார். அவர் விதியென்று உட்கார்ந்துவிடவில்லை. முப்பது வருஷம் விடாமல் முயன்று, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்று நோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். நமக்கு இன்று கேட்பதற்கு ஒரு டாக்டரும், காத்திருப்பதற்கு ஒரு சோதனையும் இருக்கிறதென்றால், அது இம்மாதிரி மனிதர்களின் உழைப்பால்தான்.

ஆகவே தோழர்களே! செவ்வாய்க்கிழமை நல்ல பதில் வந்தால் நாம் நேர்த்திக்கடன் எதுவும் செலுத்தப் போவதில்லை. கெட்ட பதில் வந்தால் புதன்கிழமையே வைத்தியத்திற்குப் போவோம். மறுபடியும் "தெரியவில்லை" என்று வந்தாலும், மறுபடியும் சோதித்துக் காத்திருப்போம். உங்களில் யாருக்காவது வாயில் மூன்று வாரமாக ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, உடம்பில் கட்டியோ இருந்து, பயத்தால் மறைத்து வைத்திருந்தால், நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயத்தையும் கூட அழைத்துக்கொண்டே போங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, நாக்கு வலிப்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.