பேரனைப் பார்த்துக்கொண்ட மூன்று வாரம்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேரக் குழந்தைகளை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தக் காலத்து மாட்டுப்பெண்கள் பெரியவர்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று நான் பேசுவேனென்று காரியதரிசி எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்ல வந்தது என் பேரில் உள்ள புகார்.

நடந்தது 2022-ல். என் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் புனேயில் உத்தியோகம். பிரசவ விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். அதையும், மேற்கொண்டு சம்பளமில்லாத விடுப்பையும் அவள் எடுத்துத் தீர்த்தபோது குழந்தைக்கு எட்டு மாதம். காப்பகத்தில் இடம் கிடைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. வருவதாக இருந்த சம்பந்தி அம்மாள் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார். செம்பூரிலிருந்து நானும் என் மனைவியும் கிளம்பினோம்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். எத்தனை மணிக்குப் பால், எப்போது கூழ், எப்போது தூக்கம். உப்பு, சர்க்கரை, தேன் கூடாது. முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் எழுதிய வரைவைத் திருத்தியே பழகிய கை சும்மா இருக்குமா? பென்சிலை எடுத்தேன். பத்து மணித் தூக்கத்தை ஒன்பதரை ஆக்கினேன். டயபருக்கு எதிரே 'பகலில் தேவையில்லை' என்று குறிப்பு எழுதி, கீழே சுருக்கொப்பமும் போட்டேன். ஏ.சி.யை நிறுத்தினேன். வேலைக்கார அம்மாளுக்குக்கூட நேர அட்டவணை. "ஆபீஸ்லேர்ந்துதான் ரிடையர் ஆனேள், நீங்க இன்னும் ஆகலை" என்றாள் என் மனைவி. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் குழந்தைக்கு இருமல். துளசிச் சாற்றில் இரண்டு சொட்டுத் தேன் குழைத்து நாக்கில் தடவினேன். நான் ரசாயனம் படித்தவன். தேனில் நீர் குறைவு, சர்க்கரை அதிகம், அமிலத்தன்மையும் உண்டு, அதில் கிருமி வளராது என்பது எனக்குத் தெரியும். அது சரிதான். ஆனால் வளராதது வேறு, சாகாதது வேறு. க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் சில சமயம் தேனில் உறங்கிக் கிடக்கும். கொதிக்க வைத்தாலும் சாகாது. நம் குடலில் மற்ற நுண்ணுயிர்கள் அவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. ஒரு வயதுக்குள் அந்தக் காவல் முழுசாக இல்லாததால், அபூர்வமாக, அவை குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். குழந்தைகளுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு என்று கண்டுகொண்டதே 1976-ல். நான் பட்டம் வாங்கியது 1971-ல்.

சாயங்காலம் வந்தவள் ஸ்பூனை மோந்து பார்த்துவிட்டு, "தேன் கொடுத்தேளா அப்பா?" என்று கேட்டாள். "துளசி மட்டும்தான்" என்றேன். ஆமாம், பொய்தான் சொன்னேன். என் மனைவி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

டாக்டருக்கு போன் போட்டாள். மலச்சிக்கல் வருகிறதா, அழுகுரல் மெலிகிறதா, பால் இழுப்பதில் சோர்வு இருக்கிறதா, இமை தொங்குகிறதா என்று ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார். அன்றிலிருந்து இரவுகளில் எனக்குத் தூக்கமில்லை. குழந்தை அழ மாட்டானா என்று காத்திருப்பேன். நன்றாக ஓங்கி அழுதால்தான் உயிர் வரும். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

மாட்டுப்பெண் சத்தம் போடவில்லை. "தெரியாம கொடுத்தேள்னா எனக்குக் கோபம் இல்லேப்பா. கேட்டப்போ இல்லேன்னேளே. நாளைக்கு அவனுக்கு ஏதாவதுன்னா நான் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். காப்பகத்தில் கெஞ்சி நாலு நாள் முன்னதாகவே இடம் வாங்கிவிட்டாள். நாங்கள் ஊர் திரும்பினோம். அதற்கப்புறம் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளைதான் பேசினான். அவள் வேலையாக இருக்கிறாள் என்பான்.

ஒரு நாள் ராத்திரி அவளே கூப்பிட்டாள். குழந்தைக்கு ஜுரம், காப்பகத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு பேருக்கும் லீவு இல்லை, வர முடியுமா என்றாள். விடியற்காலை இந்திராயணி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். ஃப்ரிட்ஜில் புதுக் காகிதம் இருந்தது. பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஜுரம் எத்தனை, மருந்து எப்போது கொடுத்தேன், எவ்வளவு நேரம் தூங்கினான் என்று எழுதினேன். சுருக்கொப்பம் போடவில்லை.