அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அடையாள அட்டை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வருத்தக்காரரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. "ஐடி இல்லையே, போனால் ஏசுவார்களே" என்று லயத்துக்குள்ளேயே கிடந்து, டிஸ்பென்சரி குளிசையோடு நாளைக் கடத்தும் ஆட்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கடதாசியைப் பிறகு பார்ப்போம்.

ஆனால் பணம் என்று வரும்போது கதை மாறுகிறது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைப்பது போன்றவற்றுக்கு உதவி கேட்க நமக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி உண்டானது. தோட்ட நிர்வாகம் நம் சம்பளத்தில் 3 வீதத்தைத் தன் கையிலிருந்து அதற்குக் கட்ட வேண்டும். நமது சம்பளத்தில் வெட்டக்கூடாது. கடைசியில் மொத்தமாக வரும் காசு மட்டும்தான் அது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். வேலையில் இருக்கும்போதே மருத்துவ உதவியும் அதில் உண்டு. மற்றது ஜனாதிபதி நிதியம். முன்பு அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இந்த இரண்டு வாசலிலும் முதலில் பார்ப்பது நம் நோயை அல்ல, பெயரைத்தான்.

நமது சங்கத்துக்கு வந்த ஒரு தோழியின் கதை இது. கொழுந்தெடுப்பவர். இருதய வால்வில் பழுது. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி. அடையாள அட்டையில் மாரியம்மா. செக்ரோலில் வெறும் மாரி, முன்னால் ஓர் எழுத்து. நிதியத்தில் காசு சேர்ந்திருந்தது செக்ரோல் பெயரில். வைத்தியரின் கடிதம் அட்டையில் இருந்த பெயரில். "இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று பதில் வந்தது. தோட்டக் காரியாலயத்துக்கு ஒரு நடை, கிராம உத்தியோகத்தரிடம் இரண்டு நடை, சமாதான நீதவானிடம் ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பேர் காசு போனது. எல்லாம் சரிவர நான்கு மாதம் எடுத்தது. அந்த நான்கு மாதமும் அந்த அம்மா மூச்சு வாங்க வாங்க மலையேறிக் கொழுந்தெடுத்தார். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது அல்லவா?

இப்படிப் பெயர் சிதறியது எப்படி? கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதினார். ஒரே லயத்தில் மூன்று லெட்சுமி இருந்தால் ஒருத்தி பெரிய லெட்சுமி, ஒருத்தி சின்ன லெட்சுமி ஆனாள்; அந்தச் 'சின்ன' கடைசி வரை செக்ரோலில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி எழுதினார்கள். பழைய அடையாள அட்டைகளில் நம் பக்கத்தில் பெயர் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. அதை வாசித்துச் சரி பார்க்க நமக்குத் தெரியாது. தப்பு நம்முடையது அல்ல. ஆனால் அலைவது நாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதானவர்களிடம் "உங்கள் பிரஜாவுரிமைக் கடதாசி எங்கே?" என்று இன்றும் சில இடங்களில் கேட்கிறார்கள். கேட்டவுடன் நம் ஆட்களுக்குக் கை நடுங்குகிறது. நடுங்காமல் எப்படி? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம் பாட்டன் பூட்டனை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தகரப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்த அந்தக் கடதாசி தொலைந்தால் வாழ்க்கையே தொலைந்தது என்ற காலம் அது.

இன்று சட்டம் அப்படி இல்லை. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், அதற்குப் பின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கே வாழும் அவர்களின் சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டுப் போகாமல் தங்கியவர்கள் மட்டும் ஒரு பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது. யாராவது கேட்டால் இந்தச் சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் தைரியமாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் இழுத்தடித்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், நாம் எழுத்தில் கேட்போம்.

ஆகவே சட்டத்தில் நாம் பிரஜைகள்தான். குறை கடதாசியில். அதைச் சுகமாக இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். வாட்டில் படுத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது.

வீட்டுக்குப் போனதும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளத் துண்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வாசிப்பார்கள். செக்ரோல் பெயர் மட்டும் பிசகு என்றால் அது இலேசு. அட்டையின் பிரதியைக் கொடுத்துத் தோட்டக் காரியாலயத்தில் திருத்தச் சொல்லுங்கள். நிதியத்துக்கும் அவர்களே அறிவிக்க வேண்டும். அட்டைக்கு ஏற்றபடி செக்ரோலை மாற்றுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். பிறப்பே பதியப்படாத பெரியவர்களுக்கும் அங்கேதான் வழி கேட்க வேண்டும்: காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்துரை உறுதிப்படுத்தலாம். "நேரமில்லை" என்று அவர் தட்டிக்கழித்தால் அதைத் தனிப்பட்ட உதவியாகக் கெஞ்ச வேண்டாம், கமிட்டிப் பிரச்சினையாக எடுங்கள். புதிதாகப் பிறக்கும் பிள்ளையை மூன்று மாதத்துக்குள் பதியுங்கள். பதியுமுன் தாய் தகப்பன் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் பெயர் பிசகியவர்களின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும், நீண்டநாள் வருத்தக்காரரையும் முதலில் எழுதுங்கள். பிரதிகள் போதும். மூலப் பிரதியை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், எங்கள் கையிலும்தான்.