குடத்துள் புகாத ஓலைகள்

(தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பலர் கூடினால் அறிவு பெருகும் என்பர். பெருகுவதும் உண்டு, உரத்த குரலொன்று ஓங்க, ஏனையோர் அறிவு வாயடைத்துப் போவதும் உண்டு. எனவே, கூடுவது மட்டும் போதாது. ஒவ்வொருவர் கருத்தும் அச்சமின்றித் தனித்து வெளிப்படல் வேண்டும். பின்னரே அவற்றை ஒப்பிட்டு முடிவு காணல் வேண்டும். அதற்குக் கருவி வேண்டும்.

தைவான் நாட்டை எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு மாணவர்கள் சட்டமன்றத்தினுள் புகுந்து அமர்ந்து போராடினர். அதன் பின்னர், மக்கள் கருத்தை ஆட்சியோடு இணைக்க ஒரு முறை தோன்றிற்று. 2015இல், ஊபர் நிறுவனத்தின் வாடகைச் சீருந்துகளை எவ்வாறு ஒழுங்குசெய்வது என்னும் சிக்கல் அதன்கண் வைக்கப்பெற்றது. மென்பொருளொன்றின் வழியே ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சுருங்க எழுதினர். பிறர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், கடந்தும் செல்லலாம். மறுமொழி எழுத மட்டும் இடமில்லை. ஆகவே, வசைக்கும் பூசலுக்கும் வழியில்லை. ஒத்த கருத்தினரைக் கணினி குழுக்களாக வகுத்தது. எதிரெதிர்க் குழுவினரும் ஒருங்கே ஏற்றவற்றை மேலே கொணர்ந்து காட்டியது. பயணிகட்குக் காப்பீடு வேண்டும், ஓட்டுநர்க்கு முறையான உரிமம் வேண்டும் என்பவற்றில் அவர்கள் ஒன்றுபட்டனர். அம்மக்கள் இதனைத் தம் மொழியிலேயே செய்தனர் என்பதை மறவாதீர்கள்!

நமக்குக் குடவோலை இருந்ததே எனப் பெருமை கொள்கிறோம். முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) அதனை விளக்குகின்றன. 30 குடும்புகளிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கருவி செப்பமானதே. ஆனால், நிலவுடைமையும் ஆரிய மறைப்பயிற்சியும் உடையார் பெயரே அக்குடத்துள் புகுந்தது. அந்நிலத்தை உழுத கூலியாளின் ஓலை புகவேயில்லை!

இன்று ஆங்கிலமே அந்த மறை. நாம் கைக்கொள்ளும் கருவி ஆங்கிலம் பேசுமாயின், உழவனும் நெசவாளியும் மீண்டும் குடத்திற்கு வெளியே நிற்பர். அவர்தம் பட்டறிவை இழந்த முடிவு எவ்வாறு மக்கள் முடிவாகும்?

மென்பொருள் கற்ற இளைஞர்களே! இத்தகைய கருவியைத் தூய தமிழில் ஆக்கித் தருக. முதற்கண் நம் கலைச்சொல் ஆக்கத்திலேயே அதனை ஆய்ந்து பார்ப்போம். ஒரு பொறியுறுப்புக்கு ஐந்து பெயர்கள் வந்தால், புலவரோடு அப்பொறியை இயக்கும் தொழிலாளியும் தம் தேர்வைக் குறிக்கட்டும். எழுத இயலாதார் தம் குரலாற் கூறட்டும். கணினி எண்ணிக் காட்டும் ஏவலாள் மட்டுமே; முடிவெடுப்போர் மக்களே!

ஓலை எல்லார்க்கும் உரியதாகுக! குடம் தமிழாகுக!