எல்லைக்கல்லும் அண்டை நிலத்தார் உரிமையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரை)



கோடையில் நம் கரிசல் மண் கை நுழையுமளவு பிளக்கிறது. ஐப்பசி மழையில் ஊறிப் பருத்துப் பிளவுகளை மூடிக்கொள்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறு விரிந்து சுருங்கும் நிலத்தில் எல்லைக்கல் சாய்வதும் நகர்வதும் இயல்பே. டிராக்டர் கொழு இடிப்பது வேறு. ஆயினும் கல் நகர்ந்திருக்கக் கண்டால் நாம் மண்ணைச் சந்தேகிப்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரரையே சந்தேகிக்கிறோம்.

தகராறென்று வரும் இரு தரப்பாரும் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "பொழியை அவர்தாம் உழுதுவிட்டார்." போய்ப் பார்த்தால் இரு புறமும் சால் ஏறியிருக்கும்.

ஒரு சாண்தானே என்போருக்கு ஒரு கணக்கு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. முக்கால் அடியாகிய ஒரு சாண், 581 அடி நீளப் பொழியில் நகருமாயின் ஒரு சென்ட் போயிற்று. சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனைக் குறித்து நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை நாமனைவரும் கேட்டிருக்கிறோம். அதை அறிவித்த சயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் மீதே நில வழக்கு வந்தது. அர்வா பின்த் உவைஸ் என்னும் பெண்மணி தம் நிலத்தை அவர்கள் எடுத்துக்கொண்டதாக மர்வானிடம் முறையிட்டார். அந்த எச்சரிக்கையைச் செவியுற்ற பின் தாம் எவ்வாறு எடுக்க இயலும் எனக் கேட்ட சயீத் (ரலி) அவர்கள், நிலத்தையே விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர் மானாவாரியில் பிழைப்பவரிடம் அவ்வாறு விடுங்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவருக்கு அளவு தெரிய வேண்டும்.

அளவு கல்லில் இல்லை, புலப்படத்தில் இருக்கிறது. கல்லுக்குக் கல் உள்ள தூரம் அதில் எழுதப்பட்டுள்ளது. கட்டணம் செலுத்தி அத்துக்காட்ட விண்ணப்பித்தால், அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புத் தந்து நிலஅளவர் அளப்பார். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்துச் சேர்ந்தே நின்று பார்த்தால், பிறகு "எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. வெள்ளாமை எடுத்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் பங்குனி, சித்திரையே இதற்கு ஏற்ற காலம். கிரயப் பத்திரத்தையும் உடன் வைத்துக்கொள்க. பரப்பளவும் நான்கு மாலும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கு மாலையே ஏற்கின்றன. பட்டாவில் உள்ள சென்ட்டை மட்டும் காட்டிச் சண்டையிடுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

காலமும் கணக்கில் உண்டு. பிறர் நிலத்தை உரியவர் அறியத் தமதென்றே 12 ஆண்டுகள் இடைவிடாது ஆண்டவர், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி உரிமை கோர முடியும். வக்ஃப் நிலத்திற்கு இக்கெடு இல்லையென 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 107ஆம் பிரிவு காத்து நின்றது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பாதுகாப்பை நீக்கிவிட்டது. கபரஸ்தானின் வேலியோரம் யார் எவ்வளவு உள்ளே வந்துள்ளார் என்பதை இனி ஆறப்போட இயலாது. நாம் அண்டை நிலத்துக்குள் போயிருக்கிறோமா என்பதும் அதே அளவில் தெரிந்துவிடும்.

ஆகவே வரும் பங்குனியில் கபரஸ்தானை அளக்க விண்ணப்பிக்கிறோம். சுற்றிலுமுள்ள நிலத்துக்காரர்கள் அனைவரையும், எச்சமயத்தவராயினும், நாமே வீடு தேடிச் சென்று அழைக்க இருக்கிறோம். அன்று ஜமாஅத்தார்களும் வந்து நிற்க வேண்டுகிறோம்.