வாடிக்கையாளர் போடும் நட்சத்திரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சொந்தத் தொழில் செய்யற நம்ம ஆளுங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பெரிய தொழிலதிபர் அல்ல. சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்து, கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவன். மெஸ், தையல் கடை, கண்ணாடிக் கடை, பல் ஆஸ்பத்திரி என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் சிறு தொழில்காரர்கள். முன்பெல்லாம் வரியைப் பற்றித்தான் புலம்புவார்கள். இப்போது செல்போனை நீட்டி, "சார், இதப் பாருங்க, எவனோ ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிட்டான்" என்கிறார்கள். அதைப் பற்றியே இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

நாம் படித்த நாளில் ஒரு கடையின் பேர் எப்படிப் பரவியது? எலெக்ட்ரிக் ட்ரெயினில் பக்கத்து சீட்காரர் சொல்வார், நாம் போவோம். இன்று ஊர் அந்த அளவில் இல்லை. 2021ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடியில் புதிதாகக் குடிவருகிறவருக்கு நம்மூர்க் கடைக்காரர் ஒருவரையும் தெரியாது. அவர் யாரைக் கேட்பார்? கூகுள் மேப்பைத்தான் கேட்பார்.

இது வெறும் பேச்சு இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லூகா என்பவர் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'யெல்ப்' என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அவர் கண்டார். அதிலும் கவனிக்க வேண்டியது, தனிக் கடைகளுக்குத்தான் இந்தப் பலன். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இல்லை. காரணம் எளிது. பெரிய கம்பெனியின் பெயர் எல்லோருக்கும் முன்பே தெரியும். நம்மை யாருக்கும் தெரியாது. ஆகவே நட்சத்திரம் பெரிய கடையைவிடச் சின்னக் கடைக்குத்தான் சோறு போடுகிறது. அடித்தாலும் அதைத்தான் அடிக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, கூகுளில் உங்கள் கடைக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் அதைத் திறந்தது மச்சினன் பையனாக இருக்கும், அல்லது போர்டு எழுதிக் கொடுத்தவராக இருக்கும். உங்கள் சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குக் கூகுளுக்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கட்டணம் கேட்டு யாராவது போன் பண்ணினால் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கோபத்தோடு பதில் எழுதாதீர்கள். குரோம்பேட்டையில் மெஸ் நடத்தும் நண்பர் ஒருவருக்கு, "சாம்பார் தண்ணி. பில் கேட்டால் முறைக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதிவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு நண்பர் போன் பண்ணி, தான் எழுதி வைத்திருந்த பதிலை வாசித்துக் காட்டினார். "பத்து ரூபா கொறைக்கச் சொல்லி நின்ன ஆளுதானே நீ?" என்று அது ஆரம்பித்தது. "அண்ணே, காலையில போடலாம், இப்பத் தூங்குங்க" என்றேன். மறுநாள் இருவரும் உட்கார்ந்து எழுதியது இதுதான்: "ஐயா, தாங்கள் வந்த அன்று மனக்குறை ஏற்பட்டதற்கு வருந்துகிறோம். மதியம் ஒரு மணிக்கு மேல் கூட்டம் அதிகம். இப்போது பில் போட இன்னொருவரை உட்கார வைத்திருக்கிறோம். அடுத்த முறை வரும்போது கல்லாவில் என்னிடமே சொல்லுங்கள்." எழுதியவர் திரும்பி வரவில்லை. ஆனால் புதிதாகச் சாப்பிட வந்த ஒருவர், "அந்தப் பதில் எழுதினது நீங்கதானா?" என்று கல்லாவில் கேட்டாராம்.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இதில் இருக்கிறது. பதில், திட்டியவருக்காக எழுதுவது அல்ல. நாளைக்கு அதைப் படித்துவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிறாரே, அவருக்காக எழுதுவது.

மூன்றாவது, பில் புத்தகத்தைப் பாருங்கள். அந்த நபர் வந்தாரா என்று தேடுங்கள். வராமலே எழுதியிருந்தால், போட்டிக் கடைக்காரர் எழுதியிருந்தால், கெட்ட வார்த்தை இருந்தால் கூகுளுக்குப் புகார் செய்யலாம். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர்கள் எதையும் எடுக்க மாட்டார்கள். விதியை மீறியிருந்தால்தான் எடுப்பார்கள். டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளி என்ன எழுதியிருந்தாலும், அவருக்கு என்ன சிகிச்சை செய்தீர்கள் என்று பொதுவில் எழுதிவிடாதீர்கள்.

நான்காவது, காசு கொடுத்து நட்சத்திரம் வாங்காதீர்கள். நூறு ரிவ்யூ இவ்வளவு ரூபாய் என்று ரேட் கார்டோடு என் அலுவலகத்துக்கே ஆள் வந்திருக்கிறார். வாங்கினால் என்ன ஆகும்? கூகுள் கண்டுபிடித்தால் புதிய ரிவ்யூ வராமல் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம், பழையதையும் மறைக்கலாம், உங்கள் பக்கத்தில் எச்சரிக்கையும் போடலாம். தள்ளுபடி தருகிறேன், ஸ்டார் போடு என்பதும் அவர்கள் விதிப்படி தப்பு. இணையத்தில் விற்கிறவர் தானே வாடிக்கையாளர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020ம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது.

இந்தப் போலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊபா பட்லர் என்ற இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று பதிவு செய்து, நண்பர்களைவிட்டுப் பொய் ரிவ்யூ எழுத வைத்தார். 2017ல் 'ட்ரிப் அட்வைசர்' தளத்தில் அது லண்டனின் முதலிடத்துக்கே வந்துவிட்டது. அங்கே ஒரு பிளேட் சாப்பாடுகூட விற்றதில்லை!

சிரிக்கிறோம். ஆனால் அதே வியாபாரத்தின் இன்னொரு முனையில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். "வீட்டிலிருந்தே வேலை, ஓட்டலுக்கு ஸ்டார் போட்டால் பணம்" என்று டெலிகிராமில் செய்தி வரும். முதலில் சில நூறு ரூபாய் நிஜமாகவே கொடுப்பார்கள். அப்புறம் 'டாஸ்க்' என்று சொல்லி நம்மையே பணம் கட்டச் சொல்லி, சேமிப்பு முழுவதையும் உருவிவிடுவார்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. யாராவது மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

அப்படியானால் நல்ல ரிவ்யூ எப்படி வரும்? கேட்டால் வரும். திருப்தியாகப் போகிறவரிடம், "உங்க மனசுல பட்டதை எழுதுங்க மேடம்" என்று சொல்லுங்கள். நல்லதை மட்டும் எழுதச் சொல்ல வேண்டாம். எல்லாம் ஐந்து நட்சத்திரமாகவே இருந்தால் படிக்கிறவருக்கும் சந்தேகம் வரும். மாதம் ஒருமுறை மொத்தத்தையும் வாசியுங்கள். மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் அதை வசவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இலவச ஆடிட்! ஆடிட்டுக்குக் காசு வாங்குகிறவன் நானே சொல்கிறேன், நம்புங்கள்.

இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. நம் கடைகளுக்கு அப்படி இடித்துச் சொல்லும் ஆட்கள் சம்பளம் இல்லாமல் கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் வார்த்தை சில நேரம் சுடும். அதற்காகக் கடையை மூடிவிட்டு அழ வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். நிதானமாக நாலு வரி எழுதுங்கள், குறையைச் சரி செய்யுங்கள். மற்றதை வாசலில் நிற்கிறவர் தாமே தெரிந்துகொள்வார்.

 இந்தப் பேச்சுக்கு எத்தனை நட்சத்திரம் என்று சாப்பாட்டுப் பந்தியில் சொல்லுங்கள்.